நிக்கான் எஃப்எம்2 நீண்டநாள் அனுபவம்: கண்ணுக்குத் தெரியாத அந்த 7 சதவீதம்

நிக்கான் எஃப்எம்2 வைத்திருப்பவர்கள் பேச ஆரம்பித்தால் ஷட்டரில்தான் ஆரம்பிப்பார்கள். 1/4000 வேகம், பேட்டரி தீர்ந்தாலும் எல்லா வேகத்திலும் அடிக்கும், எத்தனை வருடமானாலும் அசையாது. எல்லாம் உண்மை, நானும் கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் இத்தனை காலம் வைத்திருந்த பிறகு எஃப்எம்2 என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் வ்யூஃபைண்டர்தான், படம் எடுக்கும்போது கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல். ஃபிலிமில் விழப்போவதில் சுமார் 93 சதவீதத்தை மட்டும் அது நமக்குக் காட்டும். மீதி 7 சதவீதம் நாலு ஓரங்களிலும் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஃபிலிமுக்குத் தெரியும். இது மேனுவலிலேயே போட்டிருக்கிற விஷயம், கம்பெனி எதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் அந்த 7 சதவீதத்தின் மேல் எனக்குள்ள கோபம் தீர்ந்தபாடில்லை. போன வாரம் கேமரா ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது, அதே வேகத்தில் பழைய நெகட்டிவ் ஒன்றை ஸ்கேன் செய்து பார்த்தேன், ஆறியிருந்த கோபம் மறுபடி சூடாகிவிட்டது.

நான் செங்கோட்டை. பிரானூர் பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன், படம் எடுப்பது லீவு நாளில். கேமரா 1998இல் கொல்லத்திலிருந்து வந்தது. கல்ஃபில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் வீட்டு வேலைக்குப் பணம் முடையாகி விற்றார், 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் கூடவே. இந்தப் பக்கத்தில் அப்போது நல்ல கேமரா கைக்கு வருவது பெரும்பாலும் அப்படித்தான், கடையில் புதிதாக வாங்குகிற சம்பளம் எங்களில் யாருக்கும் இல்லை. மற்ற விவரங்களெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும் என்பதால் அதற்குள் போகவில்லை.

கோபத்தின் காரணம் ஒரே ஒரு படம். என் பெயரோடு அச்சில் வந்த முதல் படம், 1999 ஜூலையில் எடுத்தது, கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்தில்.

அந்தப் பாலத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்குப் போகும் வழியில், ரோட்டுக்குப் பக்கத்திலேயே, கல் வளைவுகளோடு நிற்கும். கொல்லம் செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904இல் வந்தது, பாலமும் அந்தக் காலத்துடையதுதான். மலையாளிகள் கண்ணறப் பாலம் என்பார்கள், நாங்கள் பதிமூணு கண் பாலம் என்போம். அதில் ரயிலைப் படம் எடுக்காதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. எடுக்கிறவர்கள் எல்லாரும் முன்னால் வரும் இன்ஜினைத்தான் எடுப்பார்கள். இன்ஜின் பாலத்தில் ஏறியதும் ஒரு கிளிக், கதை முடிந்தது.

எனக்கு வேண்டியது பின்னால் இருக்கும் இன்ஜின். தென்மலையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏற்றம் என்பதால் வண்டிக்கு முன்னால் ஒரு இன்ஜின் இழுக்கும், வாலில் இன்னொன்று தள்ளும். ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்பார்கள். ஒய்டிஎம்4 டீசல் இன்ஜின், ஏற்றத்தில் முக்கிக்கொண்டு தள்ளும்போது கரும்புகை அப்படியே மேலே கிளம்பும். பெட்டிகளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் சனங்கள் முன்னால் பார்த்துக்கொண்டு போவார்கள், தங்களைத் தள்ளிக்கொண்டு வரும் ஒன்று வாலில் இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. இதை எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இடது பக்கம் கடைசிப் பெட்டிகள் மரங்களுக்குள் நுழைய வேண்டும், வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு பேங்கரும் புகையும், கீழே வளைவுகள். மனதில் படம் முழுதாக இருந்தது.

பகவதிபுரத்தில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு நடக்கும் ரயில்வே ஊழியராக இருந்த என் தாய்மாமாவுக்கு வண்டி நேரம் எல்லாம் அத்துப்படி. அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். குற்றாலத்தில் சீசன் என்றால் இந்தக் கணவாய் முழுக்கச் சாரல்தான், நேராக விழாது, காற்றோடு சாய்ந்து முகத்தில் அடிக்கும். எஃப்எம்2க்கு மழைத் தடுப்பு எதுவும் கிடையாது. மாமா தன் குடையை என் தலைக்கு மேல், கேமராவுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் முழுக்க நனைந்தார். 200 ஃபிலிம், எஃப்/4, 1/125. வண்டி மெதுவாகத்தான் ஏறும், அந்த வேகம் போதும். வ்யூஃபைண்டரில் குடை இல்லை. நன்றாகப் பார்த்தேன், நாலு ஓரத்தையும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பேங்கர் நான் நினைத்த இடத்துக்கு வந்தது, அடித்தேன்.

தென்காசியில் லேபில் கழுவி 4×6 பிரின்ட் வந்தது. அருமையான பிரின்ட். அதிலும் குடை இல்லை! இங்கேதான் விஷயம் இருக்கிறது, கேமரா வாங்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லேபில் பிரின்ட் போடும்போது நெகட்டிவை ஒரு சட்டத்துக்குள் வைப்பார்கள், அந்தச் சட்டம் ஓரங்களை ஒரு நூல் மறைக்கும். ஸ்லைடு ஃபிலிம் என்றால் மவுண்ட் மறைக்கும். எப்படியும் ஓரம் வெட்டுப்படும், கடைசியில் கையில் வருகிற படத்துக்கு ஏறக்குறையப் பொருத்தமாக வ்யூஃபைண்டர் காட்டினால் போதும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. முழுக்க 100 சதவீதம் காட்ட வேண்டுமென்றால் பெரிய பிரிசம் (வ்யூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கட்டி) வேண்டும், ஒவ்வொரு பாடியிலும் அதை மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும், எடையும் விலையும் ஏறும். நிக்கானிலேயே எஃப்3 100 சதவீதம் காட்டும். ஆனால் அது 700 கிராமுக்கு மேல், எஃப்எம்2 540 கிராம். எஃப்3க்கு ஷட்டரே எலக்ட்ரானிக், பேட்டரி போனால் அவசரத்துக்கு ஒரே ஒரு வேகம்தான் மிஞ்சும். ஆக, கம்பெனி செய்தது நியாயம்தான். நியாயம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் நான் பத்திரிகைக்கு அனுப்பியது பிரின்ட் மட்டுமல்ல, நெகட்டிவும் சேர்த்து. அச்சுக்கு நெகட்டிவ் கேட்டிருந்தார்கள். அது ஒரு வார இதழ், பெயர் வேண்டாம். அவர்கள் நெகட்டிவின் 24×36 மில்லிமீட்டரையும் ஓரம் விடாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இதழ் வந்த அன்று பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றுகொண்டே பிரித்தேன். இடது மேல் மூலையில் கறுப்பாக, வளைந்து, கம்பி முனையோடு ஒரு குடைத்துணி! வானத்தை அந்த மூலையில் தின்றிருந்தது. நான் பார்க்காத ஒன்று என் பெயர் போட்ட படத்தில் இருந்தது.

அதோடு நின்றிருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். தலைப்பை ஒரு வெள்ளைக் கட்டம் கட்டி வலது ஓரத்தில் வைத்திருந்தார்கள். பேங்கர் மேலேயே. புகையில் பாதியும் இன்ஜின் முழுதும் கட்டத்துக்கு அடியில் போய்விட்டது. எதற்காக அந்தப் படத்தை எடுத்தேனோ அது போய், எதை நான் பார்க்கவே இல்லையோ அது மூலையில் நிற்கிறது. தலைப்பாவது சரியாக இருந்ததா என்றால், குற்றாலம் மலை ரயில் என்று போட்டிருந்தார்கள். பாலம் கேரளாவில் இருக்கிறது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது, பழைய எல்லை இருந்த பிரானூருக்கு இன்னும் பார்டர் என்றுதான் பெயர். கோடு எங்கே இருந்து எங்கே போனது என்று சென்னையில் உட்கார்ந்து பக்கம் போடுகிறவருக்கு எப்படித் தெரியும். ஆனால் ஒரு படத்தில் எது முக்கியம் என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? வலது ஓரத்தில் வைத்த கட்டத்தை இடது மூலையில் வைத்திருந்தால் குடையும் மறைந்திருக்கும், இன்ஜினும் தப்பியிருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமாவுக்கோ அளவில்லாத சந்தோஷம். புளியரையில் அவர் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் அந்தப் பக்கத்தை ஒட்ட வைத்துவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் "இந்தா மூலையில கறுப்பா தெரியுதுல்லா, அது என் குடைதான்" என்பார். ரயிலைக் காட்ட மாட்டார், பாலத்தைக் காட்ட மாட்டார், குடையைத்தான் காட்டுவார். என்னிடமும் "ஏ பிள்ளே, ரயில் தினமும் போவுது, என் குடை என்னைக்கு பேப்பர்ல வந்துச்சு" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. குடை இல்லாவிட்டால் லென்ஸில் தண்ணீர் விழுந்து படமே இல்லை. அந்த மூலையைப் பார்த்து இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தோன்றியது, அவ்வளவுதான். நூறு ரூபாய் மணியார்டர் வந்தது, அதில் மாமாவுக்கு ஒரு புதுக் குடை வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் படத்தைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் போய்விட்டது என்பதும் இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். அதற்குப் பிறகு பலமுறை அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன், அந்தப் புகை, அந்த வெளிச்சம், அந்த இடம் மூன்றும் ஒன்றாக அமையவே இல்லை. 2010 செப்டம்பரில் புனலூர் செங்கோட்டை மீட்டர் கேஜ் நின்றது. 2018 ஜூனில் அகலப் பாதையில் வண்டி முறைப்படி ஓட ஆரம்பித்தது. பாலம் இருக்கிறது, கண்கள் இருக்கின்றன, மேலே 1,000 மில்லிமீட்டர் பாதை இருந்த இடத்தில் 1,676. இப்போதும் பின்னால் பேங்கர் தள்ளிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அது வேறு ரயில், வேறு இன்ஜின்.

சரி, கேமராவுக்கு வருகிறேன்.

ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. இரண்டு சின்னப் பொத்தான் பேட்டரி போடுகிறோமே, அது வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், உள்ளே தெரியும் பிளஸ், வட்டம், மைனஸ் விளக்குகளுக்கு. அது அணைந்தால் கேமராவுக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை பாலருவிக்குப் போன இடத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆரியங்காவில் எந்தக் கடையிலும் அந்த சைஸ் இல்லை. வெயிலுக்கு எஃப்/16, நிழலுக்கு இரண்டு மூன்று ஸ்டாப் திற என்று மனக்கணக்கிலேயே ரோல் முழுவதும் எடுத்தேன், ஒரு ஃபிரேம் கூட வீணாகவில்லை. மெட்டல் பாடி, ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்த உறுதி, ஷட்டர் விழும் சத்தம், இதெல்லாம் இன்றைய எந்தக் கேமராவிலும் எனக்குக் கிடைக்கவில்லை. லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்தால்தான் மீட்டர் எரியும், அது இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு நெற்றியில் குத்தும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் வலது கண், எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, பூஞ்சை. ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் வரை காற்றிலேயே ஈரம். தோல் செருப்பு பூக்கும், பீரோவில் பட்டுப்புடவை பூக்கும், லென்ஸுக்குள்ளும் பூக்கும். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள், முதலில் ஓரத்தில் தெரியும், விட்டால் நடுவுக்கு வந்து கோட்டிங்கை அரித்துவிடும். என் 50 எம்எம் ஒருமுறை அப்படி ஆகிச் சுத்தம் செய்தேன், கோட்டிங்கில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. எதிர்வெளிச்சத்தில் படம் கொஞ்சம் வெளுக்கும், மற்றபடி பழுதில்லை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை பொட்டலத்தைக் காய வைப்பது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இந்த வேலைக்குச் சோம்பல் பட்டால் லென்ஸ் போய்விடும். கேமராவைத் தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இப்போது ரிப்பேருக்குப் போனது வேறு விஷயத்துக்கு. பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்கப் பஞ்சு மாதிரி ஃபோம் ஒட்டியிருக்கும், வருடங்கள் ஆனால் அது கருப்பட்டிப் பாகு போலக் கசிந்து கையில் ஒட்டும், பிறகு வெளிச்சம் கசியும். படம் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போய் இடிக்கும் இடத்திலும் அதே ஃபோம்தான். பழைய எஸ்எல்ஆர் எதிலும் இது நடக்கும். பார்சலில் அனுப்பினேன். ஒரு மாதம் என்றார்கள், அதற்கு மேலும் பல வாரம் போனை எடுக்கவே இல்லை, கடைசியில் வந்தபோது என் பழைய வார் இல்லை, வேறு யாருடையதோ ஒரு வார் மாட்டியிருந்தது. ஆனால் வேலை சுத்தம். ஃபோம் புதிது, பிரிசத்தில் இருந்த தூசி போய் வ்யூஃபைண்டர் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கிறது. அவ்வளவு பளிச்சென்று அதே 93 சதவீதத்தைக் காட்டுகிறது.

அந்த உற்சாகத்தில்தான் மில்லில் வேலை பார்க்கும் பையனின் ஸ்கேனரை வாங்கி 1999 நெகட்டிவை ஸ்கேன் செய்தேன். அச்சில் வந்த பிறகு முழு ஃபிரேமை இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. பேங்கர் இருக்கிறது. முழுதாக இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னலில் ஒருவர் முழங்கையை ஊன்றி, வண்டி போகும் திசையைப் பார்க்காமல், பின்னால் விட்டுவந்த பாதையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புகையின் சுருள் ஒவ்வொன்றும் தெரிகிறது. 50 எம்எம் லென்ஸ் அப்படி இழைத்திருக்கிறது. வளைவுக் கற்களில் பாசி எது, ஈரம் எது என்று பிரித்துச் சொல்லலாம். இவ்வளவு நல்ல படம் அது! அதன் இடது மேல் மூலையில் குடை.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். வெட்டிப் பார்த்தேன். மேலே வெட்டினால் புகையின் தலை போகிறது, இடது பக்கம் வெட்டினால் கடைசிப் பெட்டி மரத்துக்குள் நுழையும் இடம் போகிறது. நான் நின்ற இடம் அப்படி, அரை அடி முன்னால் வைத்தால் ஆறு. கம்ப்யூட்டரில் குடையை அழித்து வானத்தை நிரப்பிவிடலாம், பையன் ஒரு நிமிடத்தில் செய்து காட்டினான். மனசு ஒப்பவில்லை. ஃபிலிமில் விழுந்தது விழுந்ததுதான், மாமா நனைந்துகொண்டு நின்றது நடந்த விஷயம், அதை நான் அழிக்க மாட்டேன். ஆனால் அழிக்க மாட்டேன் என்பதால் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. எனக்கு அந்த மூலை பிடிக்கவில்லை.

எஃப்எம்2வில் ஓரங்களுக்கு இடம் விட்டே ஃபிரேம் வைக்கப் பழகிவிட்டேன், இப்போதைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் அந்தப் பழக்கம் வேண்டியதில்லை, அது எடுப்பதை எல்லாம் காட்டிவிடும். அப்படிக் காட்டும் கேமராவில் எடுத்த எந்தப் படத்திலும் இப்படி ஒரு மூலை எனக்கு நேரவில்லை. பேட்டரி இல்லாமல் அடிக்கும் ஷட்டரை எவ்வளவு புகழ்ந்தாலும், பார்க்கிற இடத்திலேயே முழுதாகக் காட்டாத ஒரு கருவியிடம் முழு நம்பிக்கை வருவதில்லை.

புனலூரில் இருக்கும் சித்தி மகன் இதே எஃப்எம்2 ஒன்று விலைக்கு வருகிறது, கறுப்பு பாடி, "அக்கா, வாங்கட்டுமா" என்று கேட்டிருக்கிறான். கேட்கிற விலை அதிகம். 2001இல் தயாரிப்பை நிறுத்திய கேமரா, இப்போது பழசுக்கு மவுசு ஏறிவிட்டது. ஃபிலிம் ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம், கழுவுவதற்கு வெளியூருக்கு அனுப்ப வேண்டும். இதற்கு மேலே சொன்ன புகழ்ச்சியெல்லாம் நான் மனதாரச் சொன்னதுதான், ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். ஆனால் இன்றைக்குக் கேட்டால், தம்பி, என் பதில் வாங்காதே. முழு ஃபிரேமும் காட்டும் கேமராவாக வாங்கு.

நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், அதனால் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வேக டயலில் 250 சிவப்பில் இருக்கிறதா பார், இருந்தால் 1984க்குப் பிந்தைய வகை. பின்கதவைத் திறந்து ஃபோமைத் தொட்டுப் பார், கையில் ஒட்டினால் அந்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல். ஷட்டர் தகடுகளைக் கண்ணால் மட்டும் பார், விரல் படக்கூடாது. நெளிவு இருந்தால் வேண்டாம். ஒரு விநாடியில் அடித்துப் பார், 1/4000இலும் அடித்துப் பார். லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வா. முன்பணம் கொடுத்துவிடாதே, மில்லுக்கு இரண்டாம் சனிக்கிழமை லீவு, காலை வண்டியைப் பிடித்து நானே வருகிறேன்.